நேர்ந்துவிட்ட கத்தரிச் செடி

இருபத்தாறு வருஷம் லாரியில் காய்கறி ஏற்றியவர் ஞானதாஸ். ஒட்டன்சத்திரம் சந்தையில் சாயங்காலம் மூட்டை ஏற்றினால் விடியுமுன் கேரளாவில் இறக்கியாக வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் போன காயையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டினால் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நிற்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஒரு கத்தரிச் செடியைக் கிட்டத்தில் நின்று பார்த்தவரில்லை. காய் என்றால் அவருக்கு மூட்டை. மூட்டை என்றால் பாரம். பாரம் என்றால் அழுகுவதற்குள் போய்ச் சேர வேண்டியது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த விவசாயம்.

போன வருஷம் சர்க்கரை அவருடைய இடது கண்ணில் ஏறிவிட்டது. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் ஒன்று மூன்றாகத் தெரிந்தது. டாக்டர் சீட்டில் என்னவோ எழுதினார். லாரி முதலாளி நல்ல மனுஷர்தான். "கொஞ்ச நாளைக்கு வீட்ல இருங்க டிரைவரே" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஐம்பத்து நான்கு வயதில் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற ஆம்பளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று டெய்சிக்கும் தெரியவில்லை. அவள் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். காலையில் ஐந்தரைக்குக் கிளம்பினால் மத்தியானம் மூன்றுக்கு வருவாள். வரும்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும், அதில் புருஷன் கிடப்பார். உள்ளே டிவி யாருக்கோ ஓடிக்கொண்டிருக்கும். ரிமோட்டை அவர் அமுக்குகிற அமுக்கில் பட்டனெல்லாம் உள்ளே போய்விட்டது.

"அது கியர் இல்லைங்க. மெதுவா அமுக்குங்க" என்பாள்.

"எனக்கு என்ன, கண்ணுதான் போச்சு. கையி நல்லாத்தான இருக்கு" என்பார்.

இதில் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது ஆடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலக்காட்டுப் பக்கம் ஒரு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி ஓடியது. ஒரு மண்மேட்டில் ஏறி நின்றதால் பிழைத்தார். அதிலிருந்து வருஷா வருஷம் செபஸ்தியார் திருவிழாவுக்கு அவர் ஒரு கிடா கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் கோயிலில் அதுதான் வழக்கம். ஆடு, கோழி, அரிசி, காய்கறி என்று அவரவர் நேர்ந்துகொண்டதைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பந்தி போடுவார்கள். கிடா கொடுத்தவர்களின் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். அப்படி நேர்ந்த கிடாவுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. குட்டியிலேயே காதில் அடையாளம் போட்டுவிட்டால் அதை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, திருவிழா வரைக்கும் கத்தி படக் கூடாது. எவ்வளவு பெருக்கிறதோ பெருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

இந்த வருஷம் கிடாவுக்கு வழியில்லை. அது தெரிந்துதான் டெய்சியின் தம்பி பாஸ்கல் வந்தான். திருவிழாக் கமிட்டியில் முக்கியமான ஆள். மைக் பிடிப்பதும் அவன்தான்.

"மச்சான், நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. என்னோட ரெண்டு கிடா நிக்கிது. ஒண்ண உங்க பேருல கட்டிவிட்டுருவோம். மைக்குல வழக்கம்போல வாசிச்சிருவேன்."

"உன் கிடாய்க்கு என் பேரா மாப்ள?"

"யாருக்குத் தெரியப் போகுது?"

"செபஸ்தியாருக்குத் தெரியாதா?"

பாஸ்கல் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஈஸ்டர் முடிந்து அடுத்த வாரம், பூசை கலைந்த பிறகும் ஞானதாஸ் செபஸ்தியார் சுரூபத்துக்கு முன்னால் நின்றார். 'என் கையால வளத்ததக் கொண்டுவாரேன்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். என்னத்தை வளர்ப்பது என்று அப்போது அவருக்கே தெரியாது.

தெருவில் ராமுத்தாய் கூடையை இறக்கி வைத்திருந்தாள். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்துக்காரி. சொந்தக் காட்டில் விளைந்ததை வாரத்தில் நாலு நாள் பஸ்ஸில் கொண்டுவந்து இந்தத் தெருக்களில் விற்பவள். கூடையின் மேலே பச்சை வரிக் கத்தரிக்காய் பளபளவென்று கிடந்தது.

"ராமுத்தாயி, இது தொட்டியில வருமா?"

"எது, கத்தரியா? வராம என்ன. தண்ணி ஊத்த ஆளிருந்தா கல்லுலகூட வரும். யாரு ஊத்துவா?"

"நாந்தான்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "டிரைவரண்ணே, செடி ஹாரன் அடிச்சா நகராது. பொறுமை வேணும்."

சொன்னாளே தவிர, அடுத்த நடையில் ஈரச் சாக்கில் சுற்றிப் பதினைந்து நாற்றும், ஒரு உரப்பை நிறையச் செம்மண்ணும் காய்ந்த சாணியும் பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள்.

பெயின்ட் அடிக்கிற ஈஸ்வரன் வீட்டிலிருந்து காலி வாளிகள் வந்தன. அடியில் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டு மொட்டைமாடியில் வரிசையாக வைத்தார். முதல் வாரத்தில் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற மாதிரி தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி மூன்று நாற்றைச் சாகடித்தார். மிச்சம் பன்னிரண்டு.

தண்ணீர்தான் பெரிய பாடு. குழாயில் எந்த நாள் வரும் என்று சொல்ல முடியாத ஊர். வந்தால் தெருவே குடத்தோடு நிற்கும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் டெய்சி கொன்றுவிடுவாள். அதனால் அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், கடைசி அலசல் தண்ணீர் எல்லாம் ஒரு வாளியில் சேரும். அதைத் தூக்கிக்கொண்டு பத்தொன்பது படி ஏறுவார். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. சித்திரை வெயிலில் மாடித்தளம் தோசைக்கல்லாய்க் காய்ந்தது. பழைய தார்ப்பாய் ஒன்றைக் கொடிக்கம்பியில் கட்டிப் பந்தல் போட்டார். தார்ப்பாய் கட்டுவதில் அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? அந்த முடிச்சு சூறாவளி அடித்தாலும் அவிழாது.

நாலு மணிக்கு விழிக்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. முன்பெல்லாம் எழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது வெளுக்கிறதுக்கும் அவர் மாடி ஏறுவதற்கும் சரியாக இருந்தது. கிளம்புவதற்கு முன் டயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வாளியையும் பார்ப்பார். இலையைப் புரட்டி, நல்ல கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய், அடியில் வெள்ளைப் பூச்சி இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். டெய்சி வேலைக்குக் கிளம்பிக் கீழேயிருந்து "நான் வாரேங்க" என்று சத்தம் கொடுத்தால், "ம்" என்று மாடியிலிருந்து வரும். நாற்காலி வாசலில் காலியாகக் கிடக்கும்.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது அவர் படிக்கட்டிலேயே நின்றிருந்தார்.

"டெய்சி, செத்த நேரம் மேல வா."

"கால் வலிக்குதுங்க. என்ன, சொல்லுங்க."

"வந்து பாரு."

ஏறினாள். நாலாவது வாளியில் ஒரு பூ. ஊதா நிறம், நடுவில் மஞ்சளாய் ஒரு கொத்து, தலையைக் கவிழ்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இம்புட்டு வருஷம் எத்தனை ஆயிரம் மூட்டை ஏத்தியிருப்பேன். கத்தரிக்குப் பூ இந்த நெறம்னு எனக்குத் தெரியவே தெரியாது டெய்சி."

இதற்குத்தானா பத்தொன்பது படி ஏறச் சொன்னீர்கள் என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு பூவைக் காட்டி அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஆனியில் காய்கள் வந்தன. முதலில் கோலிக்குண்டு, பிறகு எலுமிச்சை, பிறகு கைக்கு அடங்கும் அளவு. பன்னிரண்டு செடியிலும் சேர்த்து இருபத்திரண்டு. பார்க்கப் பார்க்க டெய்சிக்கு நாக்கு ஊறியது.

"ரெண்டே ரெண்டு பறிச்சுத் தாங்க. இன்னிக்கு வெஞ்சனத்துக்கு ஒண்ணுமில்ல."

"தொடாத. நேந்தது."

"திருவிழாவுக்கு இன்னும் ஒண்ணரை மாசம் கெடக்குங்க!"

"கெடக்கட்டும். வளரட்டும்."

அவர் கணக்கு கிடாவின் கணக்கு. நேர்ந்ததில் கத்தி படக் கூடாது. விட்டால் பெருக்கும். பெருத்தால் செபஸ்தியாருக்குத்தான் பெருமை. ஒவ்வொரு காய்க்கும் பாரம் தாங்கக் கயிற்றில் தொட்டில் மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு மேலே கம்பியில் கட்டிவிட்டார். கடையில் வாங்கிய கத்தரிக்காயைக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, மாடியில் கிடக்கும் கத்தரிக்காயைப் பற்றிப் பேசுவார்.

பாஸ்கலும் ஒருநாள் பந்தல் கம்பு விஷயமாக வந்தவன் மாடி ஏறிப் பார்த்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு செடிகளைச் சுற்றி வந்தான்.

"மச்சான், கிடான்னா நாலு காலு, ஒரு வாலு இருக்கும். இதுக்கு வெறும் காம்புதான இருக்கு. மைக்குல என்னத்தன்னு வாசிக்க?"

"வாசிக்காட்டிப் போ."

"இப்பவும் சொல்றேன். என் கிடா நிக்கிது."

"அது உன்னோட கிடா மாப்ள. நல்லாத் தீனி போட்டு வளத்துக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவன் போனதும் இருபத்திரண்டையும் இன்னொரு தடவை எண்ணினார். பூ எதுவும் இல்லாததை அன்றைக்குத்தான் கவனித்தார். ஒரு வாரமாகவே புதிதாகப் பூக்கவில்லை. இருந்த ஒன்றிரண்டும் உதிர்ந்து வாளி மண்ணில் கிடந்தன. காய்களின் அடிப்பக்கம் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. வெயில் என்று நினைத்தார். தார்ப்பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டினார்.

அடுத்த வாரம் மஞ்சள் கூடியது. பூ இல்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ராமுத்தாயின் குரல் தெருமுனையில் கேட்டதும் செருப்புப் போடாமல் ஓடி விஷயத்தைச் சொன்னார்.

"எம்புட்டு பறிச்சீங்கண்ணே இதுவரைக்கும்?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணுகூடப் பறிக்கல."

"ஏன், நோவு கண்டிருச்சா?"

"அதெல்லாம் இல்ல. நேந்தது ராமுத்தாயி. திருவிழாவுக்கு."

அவள் கூடையைத் தூக்கி டெய்சி வீட்டு வாசலில் வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு படி ஏறினாள். மேலே போய்ப் பார்த்ததும் முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தொட்டிலில் போட்ட பிள்ளைகளைப்போல மஞ்சள் பழுத்த இருபத்திரண்டு கத்தரிக்காய் தார்ப்பாய்க் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. ஞானதாஸின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். ஒரு காயை நகத்தால் அமுக்கினாள். நகம் இறங்கவில்லை.

"இது கொழம்புக்கு ஆகாதுண்ணே. உள்ள பூரா வெதை. வெதைக்குத்தான் ஆகும்."

"திருவிழாவுக்கு?"

"திருவிழாவுல இதப் போட்டா சாப்பிடுற சனம் உங்களத் தேடிக்கிட்டு வரும்."

அவர் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"கத்தரி கிடா மாதிரி இல்லண்ணே. கத்தரியப் பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். பறிக்காம விட்டீங்கன்னா, பிள்ள முத்திருச்சு, வெதை வச்சாச்சு, நம்ம சோலி முடிஞ்சுதுன்னு செடி உக்காந்துரும். அப்புறம் எதுக்குப் பூக்கும்?"

ஞானதாஸ் செடிகளைப் பார்த்தார்.

"இன்னும் எத்தன நாள் இருக்கு?" ராமுத்தாய் கேட்டாள்.

"இருபத்தாறு."

"இப்பவே அம்புட்டையும் அறுத்துப் போடுங்க. நுனியக் கிள்ளி, சாணித் தண்ணி ஊத்துங்க. செடி எளசுதான். பூத்தாலும் பூக்கும். காய் சின்னதாத்தான் இருக்கும். நான் ஒண்ணும் சத்தியம் பண்ண மாட்டேன்."

அவள் போய்விட்டாள். அவர் கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நேர்ந்ததை எப்படி அறுப்பது? அறுத்து எங்கே போடுவது? அறுத்த பிறகு பூக்காவிட்டால்? இருபத்திரண்டு மஞ்சள் காயாவது இப்போது கையில் இருக்கிறது. அறுத்துவிட்டால் அதுவும் போய், பாஸ்கலின் கிடாவை நம்பித்தான் போய் நிற்க வேண்டும்.

மூன்று மணிக்கு வந்த டெய்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு, முகம் கழுவி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

"அன்னிக்குக் கோயில்ல என்ன சொல்லி நேந்தீங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

"என் கையால வளத்ததக் கொண்டுவாரேன்னேன்."

"மொதக் காயின்னு சொன்னீங்களா? பறிக்க மாட்டேன்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? இதுவும் உங்க கையி வளத்ததுதான், இனிமே வாரதும் உங்க கையி வளத்ததுதான். எளசா, சாப்புடுற மாதிரி ஒண்ணக் கொண்டுபோய்க் குடுப்பீங்களா, வெதை மூட்டையக் குடுப்பீங்களா?" கத்தரிக்கோலை அவர் கையிலிருந்து வாங்கப் போனாள்.

"நீ வேணாம். நானே அறுக்குறேன்."

ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். ஒவ்வொன்றாக அறுத்தார். ஒவ்வொரு காய் விழும்போதும் செடி விடுபட்டதுபோலக் கொஞ்சம் நிமிர்ந்தது. அடுத்த நடை வந்தபோது இருபத்திரண்டையும் ராமுத்தாய் வாங்கிப் போனாள். "வெதை எடுத்துக்கிறேன். நேந்தத வீணாக்கக் கூடாதுல்ல" என்றாள்.

ஆறாம் நாள் கிள்ளிய இடத்தில் துளிர் வந்தது. ஒன்பதாம் நாள் ஒரே விடியலில் மூன்று பூ. அன்றைக்கு அவர் யாரையும் கூப்பிடவில்லை. பந்தலுக்கு அடியில் வெறுந்தரையில் உட்கார்ந்து, சின்ன வயதில் படித்த ஏதோ ஒரு பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டு, வெயில் ஏறும் வரை அங்கேயே இருந்தார். ஆடிக் காற்று ஆரம்பித்து வாளிகளை உருட்டப் பார்த்தபோது, லோடு கட்டுகிற மாதிரி பன்னிரண்டையும் சேர்த்துக் கைப்பிடிச் சுவரோடு கட்டிப்போட்டார். ஒரு பூகூட உதிரவில்லை என்று சொல்ல முடியாது. நிறைய உதிர்ந்தது. ஆனால் நிறைய நின்றது.

திருவிழா அன்று விடியற்காலையில் பறித்தார். முப்பத்தொன்று. எல்லாம் சின்னது, பெரியதே எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. பிளாஸ்டிக் கூடையில் போட்டால் பாதிகூட நிறையவில்லை.

டெய்சி கூடையைப் பார்த்தாள். "ராமுத்தாய்கிட்ட ரெண்டு கிலோ வாங்கி அடியில போட்டுருவமா? மேல உங்களோடது இருக்கும். பாக்க நெறஞ்ச மாதிரி இருக்கும்."

"மூட்டை வாய்க்கு நல்ல காயும் அடியில சொத்தையும் வச்சு ஏத்துறத இருபத்தாறு வருஷம் பாத்தவன் நான். பாதிக் கூடைன்னா பாதிக் கூடைதான்."

கோயில் வாசலில் கிடாக்கள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பாஸ்கல் மைக்கோடு நின்று, வேர்வை வழிய வாசித்துக்கொண்டிருந்தான். இன்னார் ஒரு கிடா, இன்னார் குடும்பத்தார் ஒரு கிடா, இன்னார் ரெண்டு சிப்பம் அரிசி. ஞானதாஸ் கூடையைக் காய்கறி இருந்த இடத்தில் வைத்தார். குவிந்து கிடந்த கத்தரிக்காய் மேல் ஒரு ஆள் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுக் காலிக் கூடையைத் திருப்பித் தந்தான். முப்பத்தொன்றும் உருண்டு எங்கெங்கோ போய்விட்டன.

அவர் மைக்குக்குக் கீழே போய் நின்றார். தனக்கு அது முக்கியமில்லை என்று டெய்சியிடம் சொல்லியிருந்தார், ஆனாலும் நின்றார். கிடாக்கள் முடிந்தன. அரிசி முடிந்தது. "மற்றும் காய்கறிகள் வழங்கிய அனைவருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பாஸ்கல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

ஞானதாஸ் கையில் காலிக் கூடையோடு சமையல் கொட்டகைப் பக்கம் நடந்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வியாகுலம்மாள் அக்கா. வருஷா வருஷம் நறுக்குகிறவர்.

"ஆ!" என்று கையை உதறினார் அக்கா. "இது யாரு வீட்டுக் காயிடி? காம்புல முள்ளு உசுரோட நிக்கிது. சந்தைக் காயின்னா முள்ளு மடங்கியில்ல போயிருக்கும். இன்னிக்கு விடிய அறுத்திருக்கணும் இத."

"விடிய அஞ்சே முக்காலுக்கு அறுத்ததுக்கா" என்றார் ஞானதாஸ்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "உங்களோடதா தம்பி? காடு எங்க வாங்குனீங்க?"

"காடெல்லாம் இல்லக்கா. மாடியில, பெயின்ட் வாளியில."

"வாளியிலயா!" அக்கா அந்தக் காயை இரண்டாக நறுக்கித் தூக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. பேருக்கு ஒரு விதை இல்லை. "இங்க பாருங்கடி, வெண்ணெய் மாதிரி." காய் கையிலிருந்து கைக்குப் போனது. ஒருத்தி நாற்று எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். இன்னொருத்தி வாளிக்கு அடியில் எத்தனை ஓட்டை என்று கேட்டாள். ஞானதாஸ் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, ஓட்டையிலிருந்து ஆரம்பித்தார். பந்தி போடும் வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை மாடியில் இன்னும் எட்டுக் காய் இருந்தது. இது நேர்ந்ததில்லை. பறித்துக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். டெய்சிக்கு அன்று விடுமுறை. வெங்காயம் தாளித்து, கீறிப் போட்டு, மூடி வைத்துச் சுண்ட வைத்தாள். வாசனை தெருவரைக்கும் போனது. இரண்டு பேரும் அடுப்படியிலேயே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் வாயை அவர் மெதுவாக மென்றார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். சொல்லிவிட்டுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வாசலில் ராமுத்தாயின் குரல். "டெய்சியம்மா, கத்தரி, வெண்டை, பொடலங்கா!"

"இன்னிக்குக் கத்தரிக்காய் வேணாம் ராமுத்தாயி" என்று வாய் நிறையச் சோற்றோடு உள்ளேயிருந்து கத்தினார் ஞானதாஸ்.

"அடப்பாவி டிரைவரண்ணே! நாத்தக் குடுத்து என் யாவாரத்துல நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேனே!" கூடையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. "நேந்த காயோட வெதையப் போட்டேன்ல, அம்புட்டும் மொளச்சிருச்சு. ஒரு பாத்தி நெறைய நிக்கிது. எத்தனை வாளி காலியா இருக்கு?"

ஞானதாஸ் கையைக் கழுவாமலே எழுந்தார். "காலி ஒண்ணுமில்ல. இரு, ஈஸ்வரன் வீட்ல கேட்டுட்டு வாரேன்."